வயிற்றுக் கிருமியும் கிணற்றுத் தகராறும்

லுக்குட்
15.8.1996

மரியாதைக்குரிய பெரிய மச்சான் சன்னாசி அவர்களுக்கு, உங்கள் தங்கை கணவன் இராஜமாணிக்கம் எழுதிக்கொண்டது. இங்கே கடை நலம், லாரி நலம், என் வயிறு நீங்கலாக மற்றதெல்லாம் நலம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் தங்கை மயிலம்மாள் செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஏறி, பாரோயில் உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். டாக்டர் எங்கள் இருவருக்கும் கொடுத்த மருந்து மொத்தத்தையும் கையோடு கொண்டு போய்விட்டாள். நடந்தது இதுதான். அவள் சொன்னது வேறாக இருக்கும். ஆகவே என் பக்கத்தையும் கேளுங்கள்.

என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத் தெரியாததல்ல. கல்யாணமான நாள் முதல் அதற்குக் காரணம் மயிலு அரைக்கிற மிளகாய்தான் என்று நம்பினேன், நம்பினதை வாய்க்குள் வைத்துக்கொள்ளாமல் வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னேன், கடைசியில் உங்கள் மகள் மங்கம்மா கல்யாணப் பந்தியிலும் "இவ வைக்கிறது கொழம்பு இல்ல, ஆசிட்டு லா" என்றேன். நீங்களும்தான் சிரித்தீர்கள். கடையில் வெள்ளை வயிற்று மருந்தை நான் விற்றதைவிடக் குடித்ததுதான் அதிகம். போன வாரம் அதுவும் கேட்காமல் கறுப்பாக வாந்தி எடுத்தேன். மயிலுதான் லாரி ஓட்டுகிற மணியத்தைக் கூப்பிட்டு என்னைச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். அங்கே ஓர் இளவயசு டாக்டர் தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்.

"அங்கிள், மொளகா இல்ல. கிருமி. வயித்துச் சுவத்துல குடியிருக்கு, அதுலதான் புண்ணு."

"அந்தப் புளிப்புல எந்தக் கிருமிய்யா உசுரோட இருக்கும்?"

"இது இருக்கும் அங்கிள். வாடகைகூடக் குடுக்காது."

தயிரும் சோறுமாகப் பாதி வாழ்க்கையை ஓட்டின எனக்கு எப்படி இருந்திருக்கும், மச்சான்? மயிலு மடியிலிருந்த கைப்பையை மட்டும் நேராக வைத்துக்கொண்டாள்.

வீட்டில் எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று டாக்டர் கேட்டார். நான் சாப்பிட்டு எழுந்த இலையிலேயே என் சம்சாரமும் சாப்பிடும், வழக்கமும் ஆச்சு, இலையும் மிச்சம் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டு மயிலுவுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். திங்கட்கிழமை போனால், அவளுக்கும் இருக்கிறதாம்! ஓர் ஏப்பம்கூட விட்டதில்லை, மச்சான். பல பேருக்கு அப்படித்தான், உள்ளே இருக்கும், ஒன்றும் செய்யாது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று சொல்ல முடியாது, சின்ன வயசிலேயே வந்திருக்கலாம், இரண்டு பேரும் சேர்ந்து மாத்திரை சாப்பிடுங்கள் என்றார்.

அத்தோடு நான் விட்டிருக்கலாம். லாரியில் வரும்போது, "அப்ப ஒங்க தோட்டத்து லயத்துக் கெணத்துத் தண்ணிதான்" என்றேன்.

"மொளகா தப்பிச்சிருச்சு, இப்ப எங்கப்பன் எறச்ச கெணறா? கோலா சாவாவுல நீங்களும் அதே கெணத்துலதான குடிச்சு வளந்தீங்க?"

"நான் குடிச்சது மேட்டுப் பக்கம்."

மணியம் லாரியை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தான். நான் சம்பளம் கொடுக்கிற ஆள், மச்சான்.

மறுநாள் காலை அவளும் இல்லை, மருந்தும் இல்லை. மாத்திரை வேறு வாங்கலாம்தான். ஆனால் எதைச் சோற்றுக்கு முன்னால், எதைப் பின்னால் என்று டாக்டர் அவளிடம்தான் சொன்னார். அவள் இருக்கிறாளே என்று நான் காது கொடுக்கவில்லை. இப்போது கடைச் சோறு வாங்கி வைத்தாலும் தொண்டைக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. அதுவும் கிருமியின் வேலையாகத்தான் இருக்கும். ஆகவே அண்ணன் என்கிற முறையில் நாலு வார்த்தை கண்டித்து அவளை உடனே அனுப்பவும். என் பக்கம் தவறில்லை. கிணற்றைப் பற்றிச் சொன்னது சொன்னதுதான்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
இராஜமாணிக்கம்

பி.கு.: ஸ்டாம்பு ஒட்டி முடித்தபோது மயிலு கடைக்குப் போன் பண்ணினாள். ஸ்டாம்பு வீணாகக் கூடாதே என்றுதான் இதை அனுப்புகிறேன். மேலே உள்ளதை அவளிடம் காட்ட வேண்டாம், நீங்களும் மறந்துவிடவும். ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன். அன்று பந்தியில் சிரித்தவர்களை நீங்கள் கூப்பிட்டு வைக்க வேண்டுமாம். அவர்கள் முன்னால், மிளகாய் ஒரு பாவமும் செய்யவில்லை என்று நான் சொல்ல வேண்டும். கிணறு என்ற பேச்சே வரக்கூடாது. இனிமேல் இலை இரண்டு, உட்காருவது சேர்ந்து, பரிமாறுவது நான். மருந்து முடியும்வரைதானே என்று பேரம் பேசிப் பார்த்தேன். ஆயுசு முடியும்வரை என்றாள். யாருடைய ஆயுசு என்று கேட்டால் விலையை இன்னும் ஏற்றுவாள் என்று, சரி என்று ஒத்துக்கொண்டேன்.