மகிழ்ச்சியான பயனாளி ஹிதாயத்துல்லா

ஊரப்பாக்கத்தில் ஒரு வலீமா விருந்துக்குப் பிரியாணி செய்தபோது உப்பு டப்பாவுக்குப் பதிலாகச் சர்க்கரை டப்பாவைக் கவிழ்த்த அன்றுதான், முடிச்சூர் பிரியாணி மாஸ்டர் ஹிதாயத்துல்லா தமது பார்வை மங்கிவருவதை அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டார். அதுவரை பல்புதான் மங்கலாக எரிந்தது, கண்ணாடிதான் அழுக்காக இருந்தது, வானம்தான் மூட்டமாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் மரியாதைக்காக இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "புது டேஸ்ட்டா இருக்கு பாய்" என்றார்கள். அதன் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கல்யாண ஆர்டர்கூட வரவில்லை.

மனைவி ஷம்சாத் அவரை இலவச முகாமுக்குக் கூட்டிப்போனாள். இரண்டு கண்ணிலும் புரை, போதாக்குறைக்குக் கண்ணில் பிரஷர், முகாமில் செய்ய முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த பெண், "அரசு காப்பீட்டு அட்டை இருந்தா ஃப்ரீ. இல்லேன்னா..." என்று ஆரம்பித்தாள். மீதியைக் கேட்க ஷம்சாத்துக்குத் தைரியம் இல்லை. அட்டை வாங்கிக்கொண்டு வருகிறோம் என்று கிளம்பிவிட்டாள்.

காப்பீட்டு அட்டை மையத்தில் ஏகநாதன் என்ற அலுவலர் இருந்தார். தங்கமான மனிதர். குடிமக்களிடம் மனம் நோகாமல் பேசுவது எப்படி என்று நாவலூரில் ஏசி அறையில் வைத்து அவருக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் "முடியாது" என்று சொன்னதே இல்லை. "இப்போதைக்கு ஆகலை" என்றுதான் சொல்வார்.

வருமானச் சான்று, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் பார்த்துத் திருப்தியடைந்தவர், "கட்டை விரலை வைங்க பாய்" என்றார்.

மிஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார். சிவப்பு. கை மாற்றி, விரல் மாற்றி, எல்லா விரல்களும் தோற்றன.

"பாய், உங்க விரல்ல ரேகையே இல்ல."

"சின்ன வயசுலேர்ந்து சுடச்சுட அண்டா மூடியத் தொறந்து மூடிகினு கீறேன். ரேகை எங்க சார் நிக்கும்?"

"அது உங்க தரப்பு. சிஸ்டம் தரப்புல பார்த்தா, நீங்க இன்னும் வரவே இல்ல."

"உங்க முன்னாடிதானே சார் குந்திகினு கீறேன்!"

"எனக்குத் தெரியுது பாய். சிஸ்டத்துக்குத் தெரியணுமே."

பக்கத்து நாற்காலியில் இருந்த பியூலா பெருமூச்சு விட்டாள். நாவலூர் அடுக்குமாடி வீடுகளில் வேலை செய்பவள், கர்ப்பப்பையில் கட்டி. "எனக்கும் இதே பேஜார்தான் பாய். பாத்திரம் தேச்சுத் தேச்சு, நான் இன்னா ஆளுன்னே மிஷினுக்குத் தெரியல."

ஏகநாதன் மனம் தளரவில்லை. "விரல் ஆகாதவங்களுக்குக் கண் இருக்கு" என்று பைனாகுலர் போன்ற ஒரு கருவியை எடுத்து ஹிதாயத்துல்லாவின் முகத்தில் பொருத்தினார். கருவி சற்று யோசித்துவிட்டு, "கண் கண்டறியப்படவில்லை" என்று அறிவித்தது.

"புரை மறைக்குது. ஆபரேஷன் பண்ணிட்டு வாங்க பாய், உடனே எடுத்துரும்."

"ஆபரேஷனுக்குத்தான் சார் அட்டை கேக்கறோம்" என்றாள் ஷம்சாத்.

"ஆமா."

"நீங்க அட்டைக்கு ஆபரேஷன் கேக்கறீங்க."

"கரெக்டாப் புரிஞ்சுக்கிட்டீங்கம்மா" என்று ஏகநாதன் மகிழ்ந்தார். "முன்னெல்லாம் ஒவ்வொரு துறையும் தனித்தனியாக் கிடந்துச்சு. இப்ப எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு இணைச்சிட்டோம்."

அடுத்த முறை போனபோது மையத்தின் வாசலில் பலூன் கட்டியிருந்தது. குடிமக்கள் புன்னகை வாரமாம். எல்லா ஆபீஸிலும் அதுதான் இப்போது ஃபேஷன். நின்று படம் எடுத்துக்கொள்ள கெட்டி அட்டையில் பெரிய போட்டோ ஃப்ரேம் செய்து வைத்திருந்தார்கள். ஷ்யாம்சுந்தர் என்ற போட்டோகிராஃபர் கேமராவோடு சுற்றிக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடிக்கும் புதுச் செயலியும் வந்திருந்தது. ஏகநாதன் போனை உயர்த்திப் பிடிக்க, அதிலிருந்து ஒரு பெண் குரல் உத்தரவிட்டது.

"கண்ணைச் சிமிட்டவும். புன்னகைக்கவும்."

ஹிதாயத்துல்லா புன்னகைத்தார்.

"இயல்பாகப் புன்னகைக்கவும்."

"ஏங்க, கடன்காரனைப் பாத்த மாதிரி முறைக்காதீங்க" என்றாள் ஷம்சாத்.

"சிரிப்பு வர்ற மாதிரி எதுனா சொல்லு."

ஷம்சாத் அவர் காதருகே குனிந்து, "புது டேஸ்ட்டா இருக்கு பாய்" என்றாள்.

அவருக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஷ்யாம்சுந்தரின் கேமரா பளிச்சிட்டது. ஏகநாதனின் போன் மட்டும், "முகம் ஒத்துப்போகவில்லை" என்றது.

"அடையாள அட்டை போட்டோவுல நீங்க சிரிக்கல பாய். அதான் பிரச்சினை."

"அத எடுக்கும்போது சிரிக்கக் கூடாதுன்னாங்களே சார்!"

"அது அப்போதைய விதி. போட்டோவ மாத்திட்டு வந்துருங்க, ரொம்ப ஈஸி. விரலை வெச்சாப் போதும்."

ஹிதாயத்துல்லா அதன் பிறகு அந்தப் பக்கம் போக மாட்டேன் என்றுவிட்டார். ஒரு நாள் ஷம்சாத்தின் தம்பி தௌசிப் போன் செய்தான்.

"மச்சான்! தாம்பரம் பஸ் ஸ்டாண்டு எதிர்ல உங்க மூஞ்சிதான்! ஆளுயரத்துக்கு ஃப்ளெக்ஸ்!"

கணவனும் மனைவியும் போய்ப் பேனருக்குக் கீழே நின்றார்கள். அவருக்கு ஏதோ பச்சையும் மஞ்சளுமாகக் கலங்கித் தெரிந்தது. ஷம்சாத் வாசித்துக் காட்டினாள்: "அட்டை பெற்று, அறுவை சிகிச்சை முடித்து, தெளிந்த பார்வையுடன் மகிழும் பயனாளி திரு. ஹிதாயத்துல்லா, முடிச்சூர்."

"சிரிச்சிகினு கீறேனா?"

"பல்லு மொத்தமும் தெரியுது."

"கொடுத்து வெச்சவன்" என்றார் ஹிதாயத்துல்லா. உண்மையாகவே அந்த ஆள் மேல் அவருக்குப் பொறாமையாக இருந்தது.

அக்கம்பக்கத்தார் வீடு தேடி வந்து வாழ்த்தினார்கள். அவர் இல்லை என்று சொன்னதை யாரும் நம்பவில்லை. "கவர்மென்ட்டே கண்ணு தெரியுதுன்னு போட்டிருக்கு. கல்யாணத்துக்குச் சமைக்கக் கூப்பிட்டா மட்டும் தெரியலைங்கறாரு" என்று பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் கோபித்துக்கொண்டு போனார். அன்று ராத்திரி ஹிதாயத்துல்லா சாப்பிடவில்லை. மறுநாள் ஷம்சாத் புர்காவை மாட்டிக்கொண்டு தனியாக மையத்துக்குப் போனாள்.

"சார், எங்க வீட்டுக்காரர் பயனாளியா, இல்லையா?"

ஏகநாதன் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "இப்போதைக்கு ஆகலைம்மா."

"அப்ப பேனர் பொய்யி."

ஏகநாதன் அவசரமாக எழுந்து நின்றார். "அப்படியெல்லாம் பேசாதீங்கம்மா. அது மேலிடம் வரைக்கும் போய் அப்ரூவல் ஆன பேனர்."

"பொய்யின்னு எழுதிக் குடுங்க, போயிடறேன். இல்ல, அட்டையைக் குடுங்க."

அவர் மேலதிகாரியின் அறைக்குள் போனார். வெகுநேரம் கழித்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"சார் தீர விசாரிச்சாரும்மா. பேனர்ல தப்பு இருக்க வாய்ப்பே இல்ல. அதனால சிஸ்டத்துலதான் தப்பு."

"விரல் வேணாமா?"

"ஊருக்கே முகம் தெரியுது. விரல் எதுக்கு?"

சாயங்காலத்துக்குள் அட்டை கைக்கு வந்தது. அன்றும் வரிசையில் இருந்த பியூலா ஓடி வந்தாள். "சார், என்னையும் ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்க சார். நானும் நல்லாச் சிரிப்பேன்."

"புன்னகை வாரம் முடிஞ்சிருச்சும்மா" என்றார் ஏகநாதன், மனம் நோகாமல்.

முதலில் வலது கண்ணில் ஆபரேஷன் நடந்தது. கட்டைப் பிரித்ததும் ஹிதாயத்துல்லா மனைவியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு இம்மாம் நரை எப்ப வந்துச்சு?"

"நீங்க பாக்காதப்ப" என்றாள்.

இடது கண்ணுக்குத் தனியாக ஒப்புதல் வரவேண்டும் என்றார்கள். அது வருவதற்குள், தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடக்கும் பயனாளிகள் விழாவுக்கு அழைப்பு வந்துவிட்டது. போகலாமா என்று அவர் யோசிக்கவில்லை. ரேகை, கண், சிரிப்பு, பேனர் ஒன்றையும் விடாமல் மைக்கில் போட்டு உடைத்துவிடுவது என்று, வீட்டில் ஷம்சாத்தை உட்காரவைத்துச் சொல்லிச் சொல்லிப் பழகினார்.

மேடைக்கு ஏறும் படியருகே ஏகநாதன் வாஞ்சையோடு அவர் கையைப் பிடித்தார். "பாய், உங்க இடது கண் ஃபைல் சாரோட டேபிள்லதான் இருக்கு. ஒரு கையெழுத்துதான் பாக்கி."

மேடையில் பெரிய அதிகாரி மைக்கை அவர் பக்கம் நீட்டினார். "ஐயா, அட்டை வாங்குறதுல ஏதாவது சிரமம் இருந்துச்சா? மனசு விட்டுச் சொல்லுங்க."

ஹிதாயத்துல்லா மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு சிரமமும் இல்ல சார். போனேன், விரலை வெச்சேன், அட்டையைக் குடுத்துட்டாங்க."

கைதட்டல் கூரையைத் தொட்டது. அவர் தமது வலது கண்ணால் கூட்டத்தைப் பார்த்தார்; கடைசி வரிசை வரை துல்லியமாகத் தெரிந்தது. எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டிக்கொண்டிருந்தவள் பியூலா. அவளுடைய மனு அடுத்த வாரம் பரிசீலனைக்கு வருகிறதாம்.