மான் ஏற்றிய வண்டி

கடையில் வாங்கிய தள்ளுவண்டி நல்லதா, வீட்டில் செய்தது நல்லதா என்று யாராவது கேட்டால் நான் அந்த இடத்தில் நிற்பதில்லை. இரண்டையும் ஒரே காலையில் பரீட்சித்துப் பார்த்தவன் நான். ஏற்றிய சாமான், அக்காவின் செத்த நாய்.

(இந்த வசனத்தை அன்றைக்கு எழுதியிருந்தால் எனக்கு வெள்ளவத்தையில் சோறு கிடைத்திராது.) நான் தங்கியிருந்த அக்கா வீட்டில் ‘நாய்’ என்ற சொல்லுக்கே தடை. நீண்ட கால்களும் காய்ந்த மண் நிறமும் மருண்ட கண்ணுமாக அத்தான் எங்கிருந்தோ கொண்டுவந்த அந்தப் பிராணிக்கு அவர் வைத்த பெயர் மான். ‘நாய்க்குச் சாப்பாடு வைச்சாச்சோ?’ என்று ஒருமுறை கேட்டதற்கு, “வீட்டுப் பிள்ளையை நாய் எண்டு சொல்லுவியோ?” என்று அக்கா என் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அத்தான் மாரடைப்பில் போன பிறகு தடை இன்னும் கடுமையானது. மகள், அதாவது என் மருமகள், வேலைக்குப் போனால் நாள் முழுக்க அக்கா கதைப்பது மானோடுதான்.

அது ஒரு போயா நாள், பௌத்தர்களின் பௌர்ணமிப் புனித நாள். விடிய எழும்பிப் பார்த்தால் அத்தானின் சாய்கதிரைக்குக் கீழே மான் விறைத்துப்போய்க் கிடந்தது. அக்கா அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“குப்பை லொறிக்குக் குடுக்க விடமாட்டன், தம்பி. தெஹிவளையில அத்தான்ரை சிநேகிதர் தன்ரை வளவில குழி வெட்டித் தாக்கலாம் எண்டிட்டார். மரியாதையாக் கொண்டு போகவேணும். அவ்வளவுதான் நான் கேக்கிறது.”

மரியாதையாக. அந்த ஒரு சொல்லை நிறைவேற்றத்தான் நான் புறப்பட்டேன். ஓட்டோக்காரர்கள் போர்வையைத் தூக்கிப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். வாடகை லொறிக்காரர் போயாவுக்கு வரமாட்டேன் என்றார். பக்கத்து வீட்டுக்காரர் விமான நிலையத்துக்குப் பெட்டி இழுக்கும் மடக்கு வண்டியைத் தந்தார். கடைச் சாமான், பளபளப்பு, சில்லு மட்டும் சட்டைப் பொத்தான் அளவு. கீழ்மாடிக்கு இறக்கி நாலு அடி தள்ளியதும், யாரும் கேட்காமலே அது தன்னை மடக்கிக்கொண்டது, மானை நடுவில் வைத்து. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இதுக்குத்தான் கடைச் சாமானை நம்பக்கூடாது எண்டிறது” என்றேன். (வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.)

எனக்கென்று சொந்தமாக ஒரு வண்டி இருந்தது. காஸ் சிலிண்டர் கொண்டுவர நானே செய்தது. பழைய அலுமாரிக் கதவுதான் பலகை. மருமகள் குழந்தையாய் இருந்தபோது தள்ளிய வண்டியின் சில்லுகள். அலுமாரிக் கதவில் நிலைக்கண்ணாடி ஒட்டியிருந்தது. அதைக் கழற்றத் தெரியாமல் கண்ணாடிப் பக்கத்தைக் கீழே விட்டிருந்தேன். நான் கணக்காளன், தச்சன் இல்லை. அன்றைக்கு அது எனக்குத் தெரியாது.

மானைப் படுக்கவைத்து, அத்தானின் வேட்டியால் மூடிக் கட்டினோம். பின்னங்கால்கள் மட்டும் எவ்வளவு மடக்கியும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. காலி வீதி என்ற பெருந்தெருவில் நான் இழுக்க, அக்கா ஒரு கையை வேட்டிமேல் வைத்தபடி பக்கத்தில் நடந்தார். சில்லுகள் அழுத அழுகைக்கு ஊரே திரும்பிப் பார்த்தது. தெஹிவளைப் பாலத்துக்கு இன்னும் தூரம் இருந்தது. ஒரு சில்லு கழன்று தன் பாட்டுக்கு ஓடியது. வண்டி சரிந்தது. கண்ணாடி உடைந்த சத்தத்துக்குப் பொலிஸ்காரர் ஓடிவந்தார்.

“மே மொகக்த?” இது என்ன என்று கேட்டார்.

பொலிஸைக் கண்டால் என் சிங்களம் அரைவாசி ஓடிவிடும். மிச்சம் இருந்த அரைவாசியில் ‘பல்லா’ இருந்தது. நாய் என்று அர்த்தம். ஆனால் பக்கத்தில் அக்கா நிற்கிறார், அவர் கை வேட்டிமேல் இருக்கிறது. எந்தப் பாஷையிலும் அந்தச் சொல் என் வாயில் வரவில்லை. மரியாதையாகப் பெயரை மொழிபெயர்த்தேன்.

“முவா, சேர். அபே முவா. மெருணா.”

மான், சேர். எங்கட மான். செத்துப் போச்சு.

இறைச்சிக் கடையே பூட்டிக்கிடக்கிற போயா நாளில், கொன்றவன் மறியலில் கம்பி எண்ணவேண்டிய மிருகத்தை, நடு வீதியில் வண்டி கட்டி இழுத்து வந்தவனை அவர் மேலும் கீழும் பார்த்தார். மண் நிறத்தில் நீட்டிக்கொண்டிருந்த மெல்லிய கால்களைப் பார்த்தார். இன்னொரு பொலிஸ்காரரைக் கூப்பிட்டார். சனம் கூடியது. பையோடு நின்ற ஒரு மனிதர் என் காதுக்குள் குனிந்து, “கிலோ கீயத?” என்று விலை கேட்டார்.

அது அக்காவுக்கும் கேட்டது.

நான் “நெஹே, நெஹே”, இல்லை, இல்லை என்று உளறிக்கொண்டிருந்தேன். பொலிஸ்காரர் என் கையைப் பிடித்தார். அக்கா குனிந்து, முடிச்சை அவிழ்த்து, வேட்டியை மானின் முகத்திலிருந்து தானே விலக்கினார்.

“பல்லா, சேர்” என்றார். “நிகங் பல்லெக்.”

நாய், சேர். வெறும் நாய்.

சொல்லிவிட்டு வீதியோரக் கல்லில் குந்தி அழத் தொடங்கினார். அத்தானின் செத்த வீட்டில்கூட அப்படி அழவில்லை. விலை கேட்டவரைக் காணவில்லை. பொலிஸ்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, வந்த ஒரு சின்ன லொறியை மறித்து எங்களை ஏற்றிவிட்டார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது. சிநேகிதரின் வளவில் குழி வெட்டி மானைத் தாட்டோம். வண்டி காலி வீதியிலேயே கிடந்தது.

இப்போது எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் நான் ‘முவா மாமா’. மருமகள் நடித்துக் காட்டுவாள், சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். ‘கிலோ கீயத’வோடு கதையை நிறுத்திவிடுவாள். அதற்கு மேல் யாரும் கேட்பதும் இல்லை.

போன வருடம் அவள் ஒரு கறுப்புக் குட்டியைக் கொண்டுவந்தாள். பெயருக்கு நாங்கள் ஆளுக்கொன்று சொன்னோம். அக்கா கிண்ணத்தில் பாலை ஊற்றிவிட்டு நிமிர்ந்தார்.

“பேர் ஒண்டும் வேண்டாம். நாய் எண்டே கூப்பிடுங்கோ. ரோட்டில ஆரும் கேட்டால் சொல்ல லேசு.”

மருமகள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. குட்டி இப்போது நன்றாக வளர்ந்துவிட்டது. அக்கா பல்கனியில் நின்று “நாய், வா” என்று கூப்பிட்டால் ஓடிவருகிறது.