அட்டைக்காரர் போட்ட சூனியக்காரி நாடகம்

தமிழ்நாட்டில் நாடகம் போட்டவர்களில் எங்கள் தெரு அட்டைக்காரரைப் போல நாடகம் தெரியாதவர் இன்னொருவர் பிறந்ததில்லை. பிறந்திருந்தால் சுற்றியிருந்தவர்கள் தடுத்திருப்பார்கள். காஞ்சிபுரத்தில் எங்களுக்குத்தான் அந்தப் புத்தி இல்லாமல் போயிற்று.

அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். யாரும் கேட்டதில்லை. பட்டுச்சேலையில் அன்னமும் மயிலும் விழ வேண்டுமென்றால் ஓட்டை குத்திய அட்டைகளை நூலால் கோத்துத் தறிக்கு மேலே மாலையாகத் தொங்கவிடுவார்கள். குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு நாடா ஓட ஓட அட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்பும். கடைசி அட்டை முடிந்ததும் முதல் அட்டை தானாக வந்து நிற்கும். அன்னம் மறுபடி ஆரம்பமாகும். பிள்ளையார்பாளையத்தில் பாதித் தறிகளுக்கு அட்டை குத்திக் கொடுத்தவர் அவர்தான். நாள் முழுக்க ஓட்டை குத்துகிறவருக்கு மனிதர்களும் நூலாகத்தான் தெரிவார்கள் என்பதற்கு அவரே சாட்சி.

அறுபதுகளின் கடைசியில் ஒரு நாள் அவர் கையில் ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகை சிக்கியது. இருநூற்றைம்பது வருஷத்துக்கும் முன் அமெரிக்காவில், பியூரிட்டன் என்கிற அளவுக்கு மீறிய பக்திமான்கள் வாழ்ந்த கிராமத்தில், சின்னப் பெண்கள் சிலர் விரல் நீட்டிக் காட்டியவர்களையெல்லாம் சூனியக்காரி என்று சொல்லித் தூக்கில் போட்ட கதை அதில் இருந்தது. என்னைப் படித்துச் சொல்லச் சொன்னார். நான் அப்போது ஓர் ஆபீசில் குமாஸ்தா. ஆங்கிலம் தெரியும் என்கிற திமிரும் உண்டு. சொல்லி முடித்ததும், "நம்ம தெருவுல இத்த நாடகமா போடறோம், ஆபீஸ் தம்பி. நீதான் ஜட்ஜு" என்றார். அந்தத் திமிருக்குத் தண்டனை அது.

என் தலைக்குப் பட்டுநூல் கழிவில் செய்த வெள்ளை டோப்பா. அதை வைத்தால் நீதிபதிபோல இல்லை, பேன் பார்க்க உட்கார்ந்தவன்போல இருந்தேன். குற்றம் சாட்டப்பட்ட மனைவியாக நடித்த தபால்காரருக்குப் பவுடர் ஆகாது; தும்மித் தும்மியே கற்பை நிரூபித்தார். மனைவியைக் காப்பாற்ற வந்து, பொய் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட மறுத்து, தூக்குமேடை ஏறும் குடியானவனாக ஐயம்பேட்டை முனுசாமி. நிஜக் குடியானவர். அதுதான் கோளாறு.

"கையெழுத்து போட்டா உசுரு தப்பும்ன்றாங்க இல்ல, போட்டுட்டுப் போவ வேண்டிதுதானே? நாத்து நடணும், வேல கெடக்குது" என்பார். ஒவ்வொரு ஒத்திகையும் இந்தச் சண்டையில் நின்றுவிடும். ஒரு தடவைகூட நாங்கள் நாடகத்தின் கடைசி வரை போனதில்லை.

இவர்களையெல்லாம் மன்னிக்கலாம். புகார் சொல்லும் பெண்ணின் வேஷத்துக்கு அட்டைக்காரர் கோதண்டத்தைப் பிடித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கோதண்டம் எங்கள் தெரு நெசவாளி. சில மாதத்துக்கு முன் ஒரு கல்யாணச் சேலையின் நெடுக்கு நூலை, பாவு என்போம், வீதியில் நீட்டி, உறுதிக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் அலமேலு போனாள். மறுநாள் தறியில் பாவு அறுந்தது. முடிச்சுப் போட்டான், மறுபடி அறுந்தது. அவள் செய்வினை வைத்துவிட்டாள் என்று தெருவெல்லாம் சொன்னான். அலமேலு நாடாவுக்குள் வைக்கும் குச்சியில் நூலைத் தாராகச் சுற்றிக் கொடுத்துப் பிழைத்த ஒண்டிக்கட்டை. அன்றிலிருந்து ஒரு வீட்டிலும் அவளுக்கு நூல் கொடுக்கவில்லை. மாகறலில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கே போய்விடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அண்ணிக்கு இவளைக் கண்டாலே ஆகாது என்பது ஊரறிந்த விஷயம். நான் உட்பட எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படித்தவனின் லட்சணம் அது.

"இந்தாள போயா போடறீங்க?" என்று அட்டைக்காரரைக் கேட்டேன்.

"அவனுக்குத்தான் கொரலு கீச்சுனு இருக்குது. மீச எடுக்கவும் அவன் ஒருத்தன்தான் ஒத்துக்கினான்" என்றார். அதற்குமேல் அவருக்கு யோசனை ஓடியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

வசனத்தைப் புத்தகத்தில் எழுதுவது உலக வழக்கம். இவர் அட்டைக்கு ஒரு வசனமாக எழுதி, நூலால் கோத்து, படுதாவுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, தானே திருப்பித் திருப்பிப் படித்தார். "அட்டையில இன்னா கீதோ அத்த மட்டும் பேசு. வாயி குறுக்க போச்சுன்னா பூ கோணிக்கும்" என்பது அவருடைய நடிப்புச் சித்தாந்தம். நாங்களும் தறிபோல அடங்கிப் பழகிவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் சத்திரத்துக் கொட்டகையில் நாடகம். அலமேலுவும் வந்திருந்தாள். பெண்கள் பக்கத்தில் நெருக்கியடித்துக் கூட்டம். அவளைச் சுற்றி மட்டும் நாலு பாய் அகலத்துக்குக் காலி. மேடையிலிருந்து பார்த்தால் அதுதான் முதலில் கண்ணில் படும்.

முதல் வசனம் என்னுடையது. "இவள் செய்வினை செய்ததை நீ கண்ணால் பார்த்தாயா?" தாவணி கட்டிய கோதண்டம் வெகு உற்சாகமாக, "பார்த்தேன் ஐயா, என் கண்ணால் பார்த்தேன்" என்று கீச்சிட்டான். விசில் பறந்தது. தபால்காரர் தும்மினார். முனுசாமி ஒருவழியாகக் கையெழுத்துப் போட மறுத்தார். நான், "தூக்கிலிடுங்கள்" என்றேன். அதுதான் கடைசி அட்டை.

படுதா விழவில்லை. அட்டைக்காரர் பழக்கதோஷத்தில் கடைசி அட்டையை முதல் அட்டையோடு சேர்த்துக் கோத்திருந்தார். சோடாபுட்டிக் கண்ணாடியை அட்டையில் ஒட்டிக்கொண்டு, அடுத்து வந்ததை அவர் பாட்டுக்குப் படித்தார். என் வாயும் அது பாட்டுக்குச் சொன்னது: "இவள் செய்வினை செய்ததை நீ கண்ணால் பார்த்தாயா?"

கொட்டகை சிரித்து அடங்கியது. கோதண்டம் கூட்டத்தில் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பார்த்தேன் ஐயா... சொல்லுபா, பார்த்தேன் ஐயா" என்று படுதா பக்கத்திலிருந்து குரல்.

கோதண்டம் தலையிலிருந்த சடை டோப்பாவைக் கழற்றினான். "இல்லீங்க. நான் ஒண்ணும் பாக்கல. அவசரத்துல புளிச்ச கஞ்சியப் போட்டுட்டேன். அதான் பாவு அறுந்துச்சி. அந்தம்மா மேல தப்பு இல்ல."

அட்டைக்காரர் மாலையைத் தூக்கிக்கொண்டு மேடைக்கே வந்துவிட்டார். "இது அட்டையில இல்லியே?" என்று எல்லார் முன்னாலும் சண்டை பிடித்தார். அத்தோடு நாடகம் முடிந்தது. புகாரே இல்லாதபோது நீதிபதிக்கு என்ன வேலை, நானும் இறங்கிவிட்டேன்.

மறுநாள் காலையில் கோதண்டத்தின் மனைவி தார் சுற்ற நூல் எடுத்துக்கொண்டு அலமேலு வீட்டுக்குப் போனாள். மதியத்துக்குள் இன்னும் மூன்று வீட்டு நூல் போயிற்று. அலமேலு மாகறலுக்குப் போகவில்லை. ஆனால் அட்டைக்காரர் மட்டும், வசனத்தை மாற்றிவிட்டான் என்று கோதண்டத்தோடு ஆறு மாதம் பேசவில்லை. இப்படியும் ஒரு மனிதன்.

அதற்கப்புறம் ஒரு தடவை அவர் வீட்டுக்குப் போனபோது அந்த மாலை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பழுத்துப்போன அட்டைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் புதுசு. எடுத்துப் படித்தேன். 'நான் ஒண்ணும் பாக்கல. புளிச்ச கஞ்சி.'

"டிசைன்ல ஒரு அட்ட கொறஞ்சிருந்திச்சி, ஆபீஸ் தம்பி" என்றார், தலையை நிமிர்த்தாமல் ஓட்டை குத்திக்கொண்டே.

அவருக்கு நாடகம் தெரியாது என்று இன்றைக்கும் சொல்கிறேன். வேறு யாராவது சொன்னால் மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை.