அரைமணி அண்ணனின் பயறுச் சட்டி

ஜொகூரின் ரப்பர்த் தோட்டங்களில், எங்கள் பேச்சில் கித்தாத் தோட்டங்களில், அரைமணி அண்ணனைப் போல அவசரமாகச் சமைத்தவரும் இல்லை, அதை என்னைப் போல அலுத்துக்கொண்டு தின்றவரும் இல்லை. சாஆ பக்கம் ஒரு தோட்டத்தில், லயத்து வரிசை வீடுகளின் கடைசி அறையில் நாங்கள் இருவரும் குடியிருந்தோம். இருவருமே பெண்டாட்டி இல்லாத கட்டைகள்.

விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு, பாலுக்காக மரப்பட்டை வெட்டப் போவோம். வெட்டி முடித்தால், மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் வடிய ஒரு மணி நேரமாகும். மற்றவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு கொசு அடிப்பார்கள். அண்ணன் லயத்துக்கு ஓடுவார். போக வர அரை மணி, ஆக்க அரை மணி. வழியில் முளைத்த கீரை எதுவும் அவர் கைக்குத் தப்பாது. எனக்குத் தூக்குச் சட்டியில் கொண்டு வருவார்.

அரை மணியில் பயறு எப்படி வேகும் என்கிறீர்களா? பெரட்டுக்கு முன்பே ஒரு கொதி விட்டு, சட்டியைக் கம்பளியால் சுற்றிச் சாக்குக்குள் வைத்துவிடுவார். திரும்பி வரும்போது பயறு மலர்ந்திருக்கும். கம்பளி என்னுடையது.

"அண்ணே, என் கம்பளி பூரா பயறு வாடை!"

"பயறு குளிரக் கூடாது தம்பி. நீ எளவட்டம், தாங்குவே."

ஒருநாள் மூடி நழுவிச் சட்டி கவிழ்ந்தது. அன்று முதல் எறும்புகளும் என்னோடு படுத்தன.

தோட்டக் கடையின் வெள்ளை அரிசியைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "தவிடு போன வெறும் வெள்ளைச் சோறு காலை வாங்கிடும்" என்பார். நான் சிரித்தேன். அந்த மழைக்காலத்தில் என் கால் வீங்கியது.

கித்தா விலை விழுந்து, ஆள் குறைத்துக்கொண்டிருந்த நேரம் அது. கடையில் பயறுகூட ஆளுக்கு ஒரு கைப்பிடிதான். ஆஸ்பத்திரி டிரெசர் வந்து ஒவ்வொருவர் காலிலும் விரலை அழுத்திப் பார்ப்பாராம். பள்ளம் நின்றால் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம். ஊரில் எனக்கு நாதியே கிடையாது. உட்கார்ந்து அழுதேன்.

"அலமாக்! அழுதா வீக்கம் வத்துமா? சாப்பிடு லா" என்றார் அண்ணன்.

அதிலிருந்து தினமும் பயறும் கீரையும் தவிட்டுக் கஞ்சியும்தான். தொண்டையில் இறங்காது.

"மாட்டுக்கு வெக்கிறதையெல்லாம் எனக்கு வெக்கிறீங்களே!"

"மாட்டுக்குக் கால் வீங்கிப் பாத்திருக்கியா?"

"நீங்க சாப்பிடலையா?"

"அடுப்பங்கரையிலேயே ஆச்சு."

டிரெசர் வந்தார். என் காலை அழுத்தினார், பள்ளமில்லை. அடுத்து அண்ணன் நின்றார். அவர் காலில் விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது. அவர் பங்குப் பயறும் என் சட்டிக்குத்தான் வந்திருக்கிறது. அடுப்பங்கரையில் அவர் சாப்பிட்டது அந்த வெள்ளைச் சோறும் உப்பும்.

கப்பலுக்குப் போகும் லாரியில் ஏறும்போதும் அவருக்கு அடுப்பு நினைப்புதான்.

"தம்பி, கீரையை மூடி வேக வெக்காதே. கறுத்துப் போயிடும்."

"போங்கண்ணே" என்றேன். வாயால் அலுத்துக்கொண்டேனே தவிர, அவர் ஆக்கியதெல்லாம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதை அவரிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை.