தோற்றம் 1976, மறைவு 2006

உலக இசை தொண்டையில் வளர்வதாகச் சிலர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பாவம், திருப்பூருக்கு வராதவர்கள். இசை வளர்வது பனியனில். எந்தத் தேசத்துப் பாட்டுக்கு வெள்ளிவிழா என்றாலும், எந்தப் பாடகருக்கு மணிவிழா என்றாலும், அவர் முகம் துணியில் அச்சாகி, இங்கே கையும் கழுத்தும் வைத்துத் தைக்கப்பட்ட பிறகுதான் வரலாறு அதை ஒப்புக்கொள்கிறது.

2006-ம் ஆண்டு அந்த வரலாற்றுக்குக் கழுத்து தைக்கும் பொறுப்பு சின்னத்தாயிடம் இருந்தது. விளாத்திகுளம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். மங்கலம் சாலையில் ஆறுச்சாமி முதலாளியின் பனியன் கம்பெனியில் டெய்லர். அப்பாவுக்குத் தலைத் திவசம் வந்தது. ஒற்றைப் பிள்ளை, அவள் போய்ப் பொங்கிப் படைத்தால்தான் உண்டு. போன வருடம் சாவுச் செய்தி காலையிலேயே கம்பெனிக்குப் போனில் வந்துவிட்டது. 'உற்பத்தி பாதிக்கக் கூடாது' என்ற உயர்ந்த நோக்கத்தில் ஷிஃப்ட் முடிந்த பிறகுதான் அவளிடம் சொன்னார்கள். அவள் ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முகம் பார்க்கவில்லை. அது இன்னும் வலித்துக்கொண்டிருந்தது.

லீவு தருவதற்கென்றே கம்பெனியில் ஒரு மானேஜர் இருந்தார், மகுடேஸ்வரன். இதுவரை யாருக்கும் தந்ததில்லை என்பதால் அந்தப் பதவிக்கு ஒரு களங்கமும் ஏற்படவில்லை.

"வெள்ளிக்கிழம அய்யாவுக்குத் தலைத் திவசம் சார். வியாழக்கிழம மத்தியானம் கிளம்புனா, சனிக்கிழம வேலைக்கு வந்திருவேன்" என்றாள் சின்னத்தாய்.

"ஏம்மா, ஷிப்மென்ட் கழுத்த நெரிக்குது. உங்கப்பாரு ஒரு வருசம் பொறுத்துட்டாரு. இன்னும் ஒரு வாரம் பொறுக்க மாட்டாராக்கும்?"

"திதியத் தள்ளிப் போடக் கூடாது சார்."

"ஷிப்மென்ட்டையும் தள்ளிப் போடக் கூடாதும்மா."

இறந்தவர்களிடமும் ஒத்துழைப்பை எதிர்பார்க்கும் இத்தகைய நிர்வாகிகளால்தான் நாட்டுக்கு அந்நியச் செலாவணி குவிகிறது.

மறுநாள் புது ஆர்டரின் முதல் பனியனை முதலாளி அறைக்கு எடுத்துப் போனாள். கருப்புப் பனியன். நெஞ்சில் ஓலாஃப் பிரெண்டர் என்ற வெள்ளைக்காரப் பாடகர் கண்ணை மூடிப் பாடும் முகம், அதற்குக் கீழே 1976–2006. அவர் பாடிய ஒரு பாட்டுக்கு முப்பதாண்டு நிறைவு. அதற்குத்தான் இந்தப் பனியன். இந்த ரகசியம், கம்பெனிக்காக வெளிநாட்டாரிடம் இங்கிலீஷில் ஆர்டரைப் பேசி முடித்த மோனிஷாவுக்கு மட்டுமே தெரியும். அவளோ சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையரை அழைத்துவரக் கொச்சி விமான நிலையத்துக்குப் போயிருந்தாள்.

ஆறுச்சாமி பனியனைப் பார்த்தார். சுவரில் மாலையோடு இருந்த தம் அப்பாவின் படத்தைப் பார்த்தார். அங்கேயும் முகத்துக்குக் கீழே இரண்டு வருடங்கள், தோற்றம், மறைவு. சட்டென்று எழுந்து செருப்பைக் கழற்றினார்.

"மகுடேஸ்வரா! இந்த மனுசன் போயிட்டாரு பாத்தியா!"

"எங்கீங்க?"

"எங்கயா? மேல! தோற்றம் எழுவத்தாறு, மறைவு இந்த வருசம். கண்ண வேற மூடிட்டாரு. துணியும் கருப்பு."

மகுடேஸ்வரன் விரல் விட்டு எண்ணினார். "முப்பது வயசுதானுங்க ஆவுது. தாடி பஞ்சு மாதர நரைச்சிருக்குதுங்களே?"

"குளிர் நாடு. பொசுக்குனு நரைச்சுப் போயிரும்."

விஞ்ஞானம் பேசிய பிறகு சந்தேகம் எங்கே நிற்கும்? முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு காரியத்தில் இறங்கினார்.

"நாளைக்குப் பையரு துக்கத்தோட வருவாரு. நாம மிசினை ஓட்டீட்டு இருந்தா அடுத்த ஆர்டர் தருவாரா? பெருசா பிளக்ஸ் அடிச்சுப்போடு. நாளைக்குக் காலைல இரங்கல் கூட்டம். மத்தியானத்துல இருந்து லீவு. வெள்ளிக்கிழமையும் லீவு."

"ஷிப்மென்ட்டுங்க?"

"செத்தவருக்கு மரியாதை இல்லாம என்னய்யா ஷிப்மென்ட்!"

சின்னத்தாய்க்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. நேற்று மகுடேஸ்வரன் வாயிலிருந்து வரும் என்று அவள் காத்திருந்த வாக்கியம் அது.

"பாரு, இந்த அம்மிணிக்கு என்ன பாசம்!" என்று முதலாளி உருகினார். "நாளைக்கு நீதான் கண்ணு மொதல்ல அழோணும்."

வியாழக்கிழமை காலை, வாசலில் பிளக்ஸ் எழுந்தது. 'கண்ணீர் அஞ்சலி. எங்களை ஆறாத் துயரில் ஆழ்த்திச் சென்ற இசைச் சக்கரவர்த்தி அமரர் ஓலாஃப் பிரெண்டர், வயது 30.' துயருற்றவர் என்ற முறையில் ஆறுச்சாமியின் படம் அமரரைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. அமரருக்கு ரோஜா மாலை, குத்துவிளக்கு, ஊதுபத்தி. எல்லா மெஷினும் நின்று மௌன அஞ்சலி தொடங்கியதும், பீகார்க்காரத் தம்பிகள் கரண்ட் போய்விட்டது என்று சந்தோஷமாக வெளியே வந்தார்கள்.

முதலாளி ஜாடை காட்டினார். சின்னத்தாய் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். யாரோ ஒரு வெள்ளைக்காரருக்கு எப்படி அழுவது என்று தெரியவில்லை. கண்ணை மூடினாள். பிறகு தானாக வந்தது.

"என்னப் பெத்த அய்யா! ஒம் மொகத்தக்கூடப் பாக்க விடலையே!"

கூட்டமே அழுதது. மகுடேஸ்வரன்கூட மூக்கைச் சிந்தினார். யார் பார்க்க விடவில்லை என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

அப்போது கார் வந்து நின்றது. பையர் இறங்கினார், மோனிஷா இறங்கினாள். மூன்றாவதாக, கையில் கித்தாரோடு, வெள்ளைத் தாடி காற்றில் பறக்க அமரர் இறங்கினார். வாட்ச்மேன் மொக்கைச்சாமி ஒரு சத்தம் போட்டுவிட்டு ஜெனரேட்டர் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

மோனிஷா பிளக்ஸைப் படித்தாள். முகம் வெளிறிப்போய் முதலாளியின் காதில், "சார், முப்பது வருஷம் ஆனது பாட்டுக்கு. ஆளு நல்லாத்தான் இருக்காரு" என்றாள்.

ஏற்றுமதியாளர் என்பவர் சாமானியரா? ஆறுச்சாமி இமைகூடக் கொட்டவில்லை.

"அப்படின்னா மாலையப் படத்துல இருந்து கழட்டி ஆளுக்குப் போடு."

போட்டார்கள். ஊதுபத்தியையும் அவர் பக்கம் திருப்பி வைத்தார்கள். ஓலாஃப் பிரெண்டருக்குத் தமிழ் படிக்கத் தெரியாதது இசையுலகம் செய்த புண்ணியம். தன் பாட்டின் பிறந்தநாளை இப்படி எந்த நாடும் கொண்டாடியதில்லை என்று தழுதழுத்தார். அந்தப் பெண் ஏன் அழுகிறாள் என்று கேட்டார். "உங்க குரலைக் கேக்க இத்தனை நாள் காத்திருந்தா" என்று மோனிஷா ஆங்கிலத்தில் சமாளித்தாள். அவர் சின்னத்தாயின் முன் மண்டியிட்டு, கித்தாரை மீட்டி, அந்தப் பாட்டை முழுவதும் பாடினார். தன் இரங்கல் கூட்டத்தில் தானே பாடிய முதல் கலைஞர் அவராகத்தான் இருக்க வேண்டும். கிளம்பும்போது பிளக்ஸை ஆசையாகச் சுருட்டி வாங்கிக்கொண்டார். வீட்டு வரவேற்பறையில் மாட்டப்போகிறாராம்.

பையர் அந்த இடத்திலேயே ஆர்டரை இரட்டிப்பாக்கினார்.

மத்தியானச் சங்கு ஊதியது. சின்னத்தாய் பையோடு கேட்டை நோக்கி நடந்தாள். மகுடேஸ்வரன் குறுக்கே கையை நீட்டினார்.

"உள்ள போம்மா. லீவு கேன்சல்."

"ஏன் சார்?"

"செத்தவருக்குத்தான லீவு உட்டது? அவருதான் உசுரோட வந்துட்டாரில்ல!"

சட்டப்படி பார்த்தால் மறுக்க முடியாத வாதம். சின்னத்தாயும் மறுக்கவில்லை. நீட்டிய கையைச் சுற்றிக்கொண்டு, நடையை நிறுத்தாமல் சொன்னாள்.

"சரி சார். எங்க அய்யாவும் அதே மாதிரி உசுரோட வந்து நிக்கட்டும். நானும் ஒடனே வந்து மிசின்ல உக்காந்திருதேன்."