எதிர்க்கட்சி லொரேட்டா

ஏழு இருபது ஆகியும் லொரேட்டா கூப்பிடவில்லை.

வெர்லின் ஓட்டிங்கர் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து தொலைபேசியின் ஐந்து விளக்குகளையும் பார்த்தார். நான்கு மினுக்கிக்கொண்டிருந்தன. நான்கு பேரும் தன்னை ஆமோதிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஒன்றை அழுத்தினார்.

"வெர்லின், நீங்க சொன்னது நூத்துக்கு நூறு."

"ரொம்ப நன்றி. மேல சொல்லுங்க."

"மேல என்ன சொல்ல? நூத்துக்கு நூறுதான்."

அடுத்த விளக்கும் நூற்றுக்கு நூறு. மூன்றாவது நேயர் கொஞ்சம் தாராளமானவர், நூற்றிப்பத்து கொடுத்தார். அதற்குமேல் அவருக்கும் பேச ஒன்றும் இல்லை.

இண்டியானாவின் அந்தச் சின்ன ஊர் வானொலியில் பதினாறு வருடமாகக் காலை ஏழிலிருந்து ஒன்பது வரை பழமைவாதி வெர்லினின் ராஜ்யம். ஒரு பசுமாட்டைக்கூட நேரில் பார்க்காமல் விவசாயத்தைப் பற்றித் தலையங்கம் எழுதும் கடலோரப் பெருநகரப் பத்திரிகைக்காரர்கள், 'மெர்ரி கிறிஸ்துமஸ்' சொல்ல வெட்கப்பட்டு 'ஹேப்பி ஹாலிடேஸ்' என்று மழுப்பும் கடைகள், கோப்பையில் போட்ட மாத்திரத்தில் கூழாகிவிடும் காகித உறிஞ்சுகுழல், எல்லாமே அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும். கடந்த நான்கு வருடமாக அவரையே வாங்கு வாங்கென்று வாங்குவதற்கு ஒரே ஒரு ஆள் இருந்தாள். பக்கத்து ஊர் லொரேட்டா. யாரும் நேரில் பார்த்ததில்லை. வயதான குரல், கத்தி மாதிரி வாய்.

"ஏன்யா வெர்லின், படிச்சுட்டுதான் பேசறியா, இல்ல ஷேவ் பண்ணும்போது தோணினதைப் பேசறியா?" என்று ஆரம்பிப்பாள். அதன்பிறகு ஊரே காரை ஓரம்கட்டிக் கேட்கும்.

இப்போது எட்டு நாளாக ஆளையே காணோம்.

நிகழ்ச்சி முடிந்ததும் நிலைய மேலாளர் டெல்பர்ட் அறைக்குள் எட்டிப்பார்த்தார்.

"வெர்லின், தப்பா நினைக்காதே. நேத்து உன் நிகழ்ச்சியைக் கேட்டுக்கிட்டே நான் தூங்கிட்டேன்."

"வீட்டுலதானே?"

"டிராக்டர்ல. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். இப்படியே போச்சுன்னா பெரிய ஊர் நிகழ்ச்சி ஒண்ணை சேட்டிலைட்ல இறக்கிடுவேன். எனக்கு வேற வழி தெரியலப்பா."

பேசுவதைத் தவிர வெர்லினுக்கு வேறு தொழில் தெரியாது. லொரேட்டாவின் எண்ணுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை.

அன்று மாலையே மனைவி நடீனின் தம்பி கஸ்ஸைப் பிடித்தார். கஸ் மாட்டுத்தீவனம் விற்கிறவன். மான் வேட்டை சீசனில் அவன் கண்ணில் படுவதே அபூர்வம்.

"நாளைக்குக் காலைல போன் பண்ணு. கல்லூரி வாத்தியார்னு சொல்லு. துப்பாக்கி எதுவும் கூடாதுங்கறது உன் கட்சி."

"நானா! என் வண்டியில இப்பவே ரெண்டு இருக்கு மச்சான்."

"நடிப்புடா. பத்து நிமிஷம் என்னைத் திட்டினாப் போதும்."

"திட்டறதுக்குன்னா சரி" என்றான் கஸ், கொஞ்சம் அதிகமான உற்சாகத்தோடு.

புதன்கிழமை காலை கஸ் கரகரத்த குரலில் பேராசிரியராக வந்தான். முதல் இரண்டு நிமிடம் பிரமாதம். மற்ற விளக்குகள் எல்லாம் கோபத்தில் மினுக்கின. வெர்லினுக்கு உயிர் வந்தது.

"பேராசிரியரே, ராத்திரி உங்க வீட்டுக் கதவை ஒருத்தன் உடைக்கிறான். ஷெரிஃப் வர நாப்பது நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் அவனுக்குப் பாடம் எடுப்பீங்களா?"

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "அதுவும் நியாயம்தான் மச்சான். எனக்கு அப்பவே தெரியும், இது சரிப்பட்டு வராதுன்னு. ஞாயித்துக்கிழமை அக்கா மீட்லோஃப் பண்றாளா?"

ஊரே கேட்டது. மளிகைக்கடையில் அன்று எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் "மீட்லோஃப் உண்டா மச்சான்?" என்றார்கள். நடீன் மட்டும் சிரிக்கவில்லை.

"என் தம்பியைக் கூட்டிவச்சு நாடகம் போடறியே, உனக்கே நல்லாருக்கா?"

"வேற யாரு எதிர்த்துப் பேசறா இந்த ஊர்ல?"

"நீயே பேசிக்கோயேன்! வீட்டுல அதானே பண்றே?"

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் வெர்லின் அதைப் பிடித்துக்கொண்டார். வியாழக்கிழமை காலை விஷயம், கேஸ் அடுப்பு. சில நகரங்களில் புது வீடுகளுக்கு கேஸ் கூடாது என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. "சமைக்கிறவ கையில இருக்க வேண்டிய திருகு சர்க்கார் கையில எதுக்கு?" என்று ஒரு போடு போட்டார். பிறகு குரலை மாற்றி, "சரி, லொரேட்டா இருந்தா என்ன சொல்வாங்க?" என்று எதிர்ப்பக்கத்துக்குத் தாவினார். குழந்தைகளின் மூச்சு, சமையலறைப் புகை, மின் அடுப்பில் கொதிக்கும் வேகம் என்று அடுக்கிக்கொண்டே போனார். பேச்சுக்காரர் இல்லையா, ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. இருபது நிமிடம் கழித்துத் தன் பக்கத்துக்குத் திரும்பி வரப் பார்த்தபோது விளம்பர நேரம் வந்துவிட்டது.

விளம்பரம் முடிந்து முதல் விளக்கை அழுத்தினார்.

"வெர்லின், என் கண்ணைத் திறந்துட்டீங்க. நாளைக்கே மின் அடுப்பு வாங்கறோம்."

"ஐயா, அது நான் சொன்னதில்ல! அது லொரேட்டா!"

"யார் சொன்னா என்ன, நூத்துக்கு நூறு."

அடுத்தது தேவாலயத்து டீக்கன். "தம்பி, அடுத்த புதன்கிழமை ஜெபக் கூட்டத்துல உன் பேரைச் சேர்த்திருக்கோம். மனசைத் தளரவிடாதே." நடீன் வீட்டிலிருந்து கூப்பிட்டாள். "என் அடுப்பை எப்ப கழட்டப்போறே? பண்டிகைக்கு வான்கோழி வேக வைக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" டெல்பர்ட் கண்ணாடிக்கு அப்பால் நின்று நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு வழி. போன வருடம் நிலையத்தின் போட்டியில் லொரேட்டாவுக்கு ஒரு முழுப் பன்றித்தொடை ஹாம் பரிசு விழுந்திருந்தது. அதை அனுப்பிய முகவரியை டெல்பர்ட் தேடிக் கொடுத்தார். வெர்லின் பெக்கான் பருப்பு போட்ட 'பை' என்கிற இனிப்புப் பலகாரம் ஒன்றை வாங்கிக்கொண்டு பகல் பன்னிரண்டுக்கெல்லாம் அந்த வீட்டு வாசலில் நின்றார்.

கதவைத் திறந்தவர் அவள் கணவர் மெர்ல். எழுபத்தைந்து வயதிருக்கும். "அட, வெர்லினா! உள்ள வா தம்பி. காதுல மெஷின் மாட்டினாத்தான் எனக்கு போன் மணி கேக்கும், மாட்டறதில்ல. அவளைப் பேச வைக்காதே, டாக்டர் உத்தரவு."

லொரேட்டா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தொண்டையில் சின்ன அறுவைச் சிகிச்சை, மூன்று வாரம் மூச்! மடியில் ஒரு வெள்ளைப் பலகை. வெர்லினைப் பார்த்ததும் மளமளவென்று எழுதித் திருப்பிக் காட்டினாள்.

'அடுப்பு விஷயத்தில் என் கட்சியை நீ பேசிய லட்சணம் மகா மட்டம்.'

வெர்லினுக்குக் கண் கலங்கிவிட்டது. பத்து நாளில் அவர் கேட்ட முதல் நல்ல வார்த்தை அது.

"லொரேட்டாம்மா, நீங்க இல்லாம எனக்கு ஒண்ணும் ஓடல. நாளைக்கு வெள்ளிக்கிழமை. நாளையோட என் கதை முடிஞ்சுது."

அவள் அழித்தாள், எழுதினாள். 'நான் எழுதித் தருகிறேன். மெர்ல் போனில் படிப்பார். ஏழு பத்துக்கு. ஒழுங்காகப் படித்துவிட்டு வா.'

அடுப்பைப் பற்றி அங்கேயே ஒரு சண்டை ஆரம்பமானது. பலகை நிரம்பி வழிந்தது. பாதி பலகாரம் தீர்வதற்குள் லொரேட்டா அவரை மூன்று இடத்தில் மடக்கினாள், அவர் இரண்டு இடத்தில் தப்பித்தார். நாளைக்கு ஊரே வண்டியை நிறுத்திக் கேட்கும் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இவ்வளவு சந்தோஷமாக அவர் தோற்றதே இல்லை.

மெர்ல் வாசல்வரை வந்து வழியனுப்பினார். வெர்லினுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தப்பா நினைக்காதீங்க மெர்ல். இப்படி ஒரு அசல் லிபரலை ஒரே வீட்டுல வச்சுக்கிட்டு எப்படிங்க சமாளிக்கிறீங்க?"

மெர்ல் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டார்.

"யாரு, லொரேட்டாவா? ஐம்பது வருஷமா எங்க ரெண்டு ஓட்டும் உங்க கட்சிக்குத்தான் தம்பி. எல்லாரும் ஆமாம் போட்டா நம்ம ஆளு மழுங்கிப்போயிடுவான்னு, தினம் விடியறப்பவே எழுந்து, அந்த நியூயார்க் லிபரல் பேப்பரைத் திட்டித் திட்டிப் படிச்சுட்டு வந்து உன்கூடச் சண்டை போடறா!"