தோற்ற செனட்டரும் தோற்கப்போகும் மாப்பிள்ளையும்

சுகர் லேண்ட்,
டெக்சாஸ்.

அன்புள்ள மாப்பிள்ளை மாரிசாமி அவர்களுக்கு கிட்டுசாமி எழுதிக்கொண்டது. இங்கே நானும் மகள் தென்றலும் மருமகன் இளமாறனும் நலம். அங்கே எல்லோரும் நலம் என்று நீங்கள் சொல்வீர்கள். என் தங்கை வள்ளி ஃபோனில் அழுததைக் கேட்டபிறகு நான் அதை நம்பத் தயாராயில்லை.

கவுன்சிலர் தேர்தலில் மூன்று முறை தோற்றவர், நான்காவது முறையும் நிற்கப்போகிறீர்களாம். திங்கட்கிழமை மனுத் தாக்கலாம். அன்றைக்கே அவள் மகன் வீட்டுக்குப் போய்விடுவாளாம். "அண்ணா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்ண்ணா" என்கிறாள். நான் சொல்லி நீங்கள் எதைக் கேட்டிருக்கிறீர்கள்? அதனால் என் புத்திமதியை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டு விட்லாக் கதையைச் சொல்கிறேன்.

விட்லாக் வேறொரு மாநிலத்துக்குப் பன்னிரண்டு வருஷம் செனட்டராக இருந்தவர். நம்மூர் எம்.பி.யைவிட ஒரு படி மேல் என்று இளமாறன் சொன்னதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெரிய மனிதரை வெறுங்கையோடு பார்க்கலாமா? பொன்னாடையும் எலுமிச்சம்பழமுமாகத் தென்றலை இழுத்துக்கொண்டு போனேன். வாசலில் ஒருவர் குப்பைத்தொட்டியை உருட்டிக்கொண்டிருந்தார். வேலையாள் என்று நினைத்து, "ஐயா உள்ள இருக்காருங்களா?" என்றேன். தென்றல் தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா, அவர்தான்ப்பா செனட்டர்! மானத்த வாங்காதீங்க." உடனே போர்த்தினேன். கொளுத்துகிற வெயிலில் ஜரிகைச் சால்வை, வியர்த்து ஊற்றியும் மனிதர் கழற்றவில்லை. அரசியல்வாதிதான், சந்தேகமில்லை. ஆனால் எலுமிச்சம்பழம் எதற்கென்று அவருக்குப் புரியவில்லை. உள்ளே போய் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "பின்னாடி மரமே இருக்காம்ப்பா. வேணும்னா டெய்லி வந்து பறிச்சுக்கச் சொல்றாரு" என்று தென்றல் மொழிபெயர்த்தாள்.

பன்னிரண்டு வருஷப் பதவியில் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் கட்டினாரா? இல்லை. ஒரு பெட்ரோல் பங்க்? அதுவும் இல்லை. மகன் பல் டாக்டர், மகள் டீச்சர், மச்சினனுக்கு ஒரு ரோடு கான்ட்ராக்ட்கூட இல்லை. "அப்பறம் எதுக்குங்க பதவி?" என்று கேட்டேன். தென்றல் அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள். மூன்றாவது தேர்தலில் தோற்றதும், ஜெயித்தவருக்கு ஃபோன் போட்டு வாழ்த்திவிட்டு, தானே கார் ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாராம். பிறகு இந்த ஊருக்குக் குடிவந்ததிலிருந்து தோட்டமும் தக்காளிச் செடியும்தான். நீங்களோ போன தடவை தோற்றுவிட்டு, ஓட்டுப் போடாத தெருவில் ஒரு விசேஷத்துக்கும் வள்ளியைப் போகவிடவில்லை. விட்லாக்கின் மனைவி மார்த்தா முகத்தில் இருக்கிற நிம்மதியை என் தங்கை முகத்தில் நான் பார்த்ததே இல்லை, மாப்பிள்ளை. எனக்கு மனசு கேட்கவில்லை.

ஆகவே செனட்டரைப் பார்த்துத் திருந்துங்கள். திங்கட்கிழமை மனுவும் வேண்டாம், மாலையும் வேண்டாம். அவிநாசியப்பர் உங்களுக்கு நல்ல புத்தியும் வள்ளிக்கு நல்ல தூக்கமும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
கிட்டுசாமி

பி.கு.: இதை இளமாறன் ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்குள் ஒரு விபரீதம் நடந்துவிட்டது. சிரிக்கட்டுமே என்று உங்கள் கதையை விட்லாக்கிடம் சொல்லியிருந்தேன். அவர் சிரிக்கவில்லை. "மூணு தடவ தோத்தும் நிக்கறாரா?" என்று தென்றலிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். இன்று காலை இங்கே நகர மன்றத் தேர்தலுக்கு மனு கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். மார்த்தாம்மா என்னோடு பேசுவதில்லை. மாரிசாமி விலகினால் தானும் விலகுவதாகச் சொல்கிறார் மனிதர். இரண்டு வீட்டு நிம்மதியும் இப்போது உங்கள் கையில். உங்களுக்கு வெற்றி வாழ்த்துச் சொல்லச் சொன்னார். நான் சொல்லமாட்டேன்.